சத்தம் பிடிக்காத எக்ஸோஸ் அக்கா

எங்கள் ஊரில் எக்ஸோஸ் அக்காவிடம் வண்டியைக் கொடுப்பவர்கள் இரண்டே வகை. அவரைப் பற்றித் தெரியாதவர்கள் ஒரு வகை. தெரிந்தும் வேறு வழியில்லாதவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. மலாக்காவில் புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் என் மளிகைக் கடை இந்தப் பக்கம், அவருடைய கடை நேர் எதிரே. வாசலில் எக்ஸோஸ் என்று நாங்கள் சொல்லும் பழைய புகைக்குழாய்களும் சைலன்சர்களும் வாழைத்தார் தொங்குவதுபோல் தொங்கும். உள்ளே அக்கா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளிக்கொண்டு, காலமான கணவரின் காற்சட்டையும் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடுத்த டி-சட்டையும் போட்டுக்கொண்டு, ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களுக்குத்தான் நாங்கள் காலை வணக்கம் சொல்வது வழக்கம்.

அவருடைய கைவேலையை மெச்சுவதற்காக நான் இதை எழுதவில்லை. வேலை தெரிந்தவர்தான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் நாம் சொன்னதைச் செய்கிற பழக்கம் அந்த மனுஷிக்கு அறவே கிடையாது. தன் மனசுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்து, வண்டியைக் கழுவி, சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். அவர் மனசுக்கு எப்போதும் ஒன்றுதான் சரியென்று பட்டது. சத்தம் கூடாது. புகைக்குழாய்க் கடை வைத்திருப்பவருக்கு வண்டிச் சத்தம் ஆகாது என்றால் வெளியூரில் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆயர் குரோவிலிருந்து ஒரு பையன் பழைய டீசல் பிக்கப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். டயர் என் நெஞ்சு உயரம். உள்ளே ஏற அவனே எம்பித்தான் ஏற வேண்டும். சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாயாக விடவேண்டும் என்பது அவனுடைய ஆசை.

"ஆண்ட்டி, ஹைவேல நான் வரேன்னா முன்னால போறவனுக்குத் தெரியணும் லா."

"தெரியும், தெரியும். போய் ஒரு தே தாரே குடிச்சிட்டு வா தம்பி."

அவன் ரொட்டி சானாய் தின்று, இன்னொரு தே தாரேயும் குடித்து, படம் பார்த்து முடித்து வந்தான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். மறுபடியும் திருப்பினான். ஸ்டார்ட்டர் கீச்சென்று கத்தியது.

"ஆண்ட்டி, ஸ்டார்ட் ஆகலே."

"அப்பவே ஆயிருச்சு. கைய வெச்சுப் பாரு."

அவன் கீழே குதித்து பானெட்டின்மேல் கையை வைத்தான். அது துடித்துக்கொண்டிருந்தது. பையன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கையை எடுக்காமலே திரும்பி, "ஆண்ட்டி, என் வண்டி எங்க?" என்றான். நான் கடைக்குள் போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அவன் போனான். போனதை நாங்கள் கண்ணால்தான் பார்த்தோம்.

வண்டியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் மத்தியானம் அக்கா கறுத்த கையோடு என் கடைக்குள் நுழைந்தார். வணக்கம் இல்லை, சலாம் இல்லை. நேராக ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அதன் மூடியைக் கழற்றி, டயர் ரப்பர் துண்டு ஒன்றைச் செருகி, மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு எழுந்தார். கல்லாவில் இருந்த என் மனைவி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் உறுமுது. எப்படித்தான் இதுக்குள்ள ஒக்காந்திருக்கீங்களோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். ஐஸ் பெட்டி அதற்கப்புறம் உறுமவே இல்லை. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று என் மனைவி வாரம் முழுக்கத் திறந்து திறந்து பார்த்தாள்.

மாதா கோயில் திருவிழாவில் இதைவிட மோசம். கோயில் வாசலில் கட்டியிருந்த ஊதுகுழல் ஒலிபெருக்கிக்குள், பூசை நடுவில், ஏணி போட்டு ஏறி ஒரு கோணிச் சாக்கைத் திணித்துவிட்டு இறங்கிவந்தார். பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாராம். சபையே திகைத்துப்போய் நின்றதாம். அக்கா தன் இடத்தில் போய் முட்டி போட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டாராம். அவர் பக்கத்தில் முட்டி போட்டிருந்த என் கடை வாடிக்கைக்காரி சொன்னதுதான் இது. "ஆனா பாய், அன்னிக்குத்தான் ஃபாதர் சொன்னது எல்லாம் ஒழுங்கா புரிஞ்சிச்சு" என்றும் அவளே சொன்னாள்.

இதற்கெல்லாம் காரணம் என்னவென்று எனக்கு வெகுநாள் தெரியாது. திமிர் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கடையிலும் ஆள் இல்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் கிட்டே இருந்தால்தான் பேச்சு கேட்கும். என் கடையில் மைலோ பொட்டலம் வாங்க வந்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"மழை பெய்யறப்பதான் பாய் எனக்கு ஓய்வு."

"என்னக்கா சொல்றீங்க?"

"காதுக்குள்ள ஒரு டீசல் வண்டி ஓடிக்கிட்டே இருக்கு. அவரு போனப்புறம் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்ல, அப்போ ஆரம்பிச்சது. தூங்குறப்பயும் ஓடும், செபம் பண்றப்பயும் ஓடும். நிறுத்தச் சாவி இல்லே. மழை பேஞ்சாதான் அது அமுங்குது."

ஒரு மனுஷி தலைக்குள் லோரியை ஓடவிட்டுக்கொண்டு எப்படித்தான் சிரிக்கிறார், சமைக்கிறார், வெல்டிங் வைக்கிறார் என்று நினைத்தபோது பாவமாக இருந்தது. டாக்டரிடம் போனால் என்ன என்றேன். டாக்டர் பழகிக்கொள்ளச் சொன்னாராம். "என்னோடது நிக்காது. மத்தவங்களோடதையாவது நிறுத்துறேன்" என்றார். அதற்கப்புறம் அவர் என்ன செய்தாலும் எனக்குக் கோபம் வருவது குறைந்துபோனது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

என் பிக்கப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். அது என்னைப் பெற்ற அத்தா வாங்கியது. பழைய டீசல் வண்டி. அரிசி, பருப்பு, மீன் டின், மாவு எல்லாம் ஏற்றிக்கொண்டு சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் போவேன். அதன் குழாய் எப்போதோ ஓட்டை விழுந்து, அடைத்து, மறுபடியும் ஓட்டை விழுந்து, ஒரு தினுசான சத்தம் போடும். தோட்டத்து மரப்பாலத்தில் ஏறும்போதே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் "பாய் லோரி வருது" என்று எழுந்துவிடுவார்கள். நான் போய்ச் சேரும்போது பை, டப்பாவோடு பெண்கள் தயாராக நிற்பார்கள். ஒரு நாளும் நான் ஹார்ன் அடித்ததில்லை.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மட்டை தாழ்ந்து சாலைமேல் விழுந்து கிடக்கும். வளைவில் என்ன வருகிறது என்று பார்க்கவே முடியாது. உதிர்ந்த பழம் பொறுக்கும் பெண்கள், பழத்தைத் தள்ளுவண்டியில் நிரப்பி, மரங்களுக்கு நடுவிலிருந்து சாலைக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் கால்வாய் இருக்கும். அதன்மேல் ஒரு பலகை போட்டிருக்கும். பாரம் ஏற்றிய தள்ளுவண்டியைப் பலகைமேல் முன்னால் தள்ளினால் சக்கரம் வழுக்கும். அதனால் திரும்பி நின்று, பின்பக்கமாக இழுத்துக்கொண்டே சாலைக்கு வருவார்கள். முதுகுதான் முதலில் சாலைக்கு வரும். கண் பழத்தின்மேல் இருக்கும். வண்டி வருகிறதா இல்லையா என்று காதுதான் பார்த்துச் சொல்லும். அங்கே எல்லோரும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். நான் இத்தனை வருஷமாகப் போய்வந்தும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

குழாய் இரண்டாக உடைந்து தரையில் இழுபட்டதால்தான் பிக்கப்பை அக்காவிடம் கொண்டுபோனேன். "அக்கா, ஒட்ட வெச்சுக் குடுத்தா போதும். வேற ஒண்ணும் வேணாம்" என்று தெளிவாகச் சொன்னேன். "சரி பாய்" என்றார். அந்தச் சரிக்கு அர்த்தம் தெரிந்தும் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் வண்டியை எடுத்தால் அது என் வண்டி இல்லை. சைலன்சரைப் புதிதாக்கி, அதற்குப் பின்னால் இன்னொரு சைலன்சரையும் கோத்து, குழாயை பம்பருக்கு வெளியே வரை நீட்டி, தொங்கும் இடமெல்லாம் ரப்பர் போட்டு, பானெட்டுக்கு உள்பக்கம் தடித்த பாயையும் ஒட்டிவிட்டிருந்தார். டீசல் எஞ்சின் முன்னால் கடகடவென்று லேசாக முனகத்தான் செய்தது. ஆனால் தூரத்துக்குப் போகும் அந்தப் பெருஞ்சத்தம் செத்துவிட்டது.

"அக்கா, இது என்ன கூத்து. ஒட்டத்தானே சொன்னேன்?"

"ஓட்டிப் பாரு பாய். உன் பொண்டாட்டி பேசறது இனிமே உனக்கு விளங்கும்."

உண்மைதான். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள், எனக்கு விளங்கியது. அவளுக்குப் பரம சந்தோஷம். தோட்டத்தில்தான் கதை வேறாக இருந்தது. லைன் வீட்டு வாசலில் போய் நின்றால் ஒரு ஆள்கூட வெளியே வரவில்லை. ஹார்ன் அடிக்க வேண்டியதாயிற்று. "என்ன பாய், திருடன் மாதிரி வந்து நிக்கிறீங்க" என்று பவானி கிண்டல் செய்தாள். பவானி உதிரிப்பழம் பொறுக்குபவள். கணவன் இறந்துவிட்டான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். வாய்க்கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் நேர்மையான பெண்.

அந்தக் காலைப்பொழுதையும் சொல்லியாக வேண்டும். பாலம் தாண்டி, இறக்கத்தில், வளைவில் மெதுவாகத்தான் இறங்கினேன். வேகம் என்று ஒன்றும் இல்லை. மட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு முதுகு சாலைக்கு வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டியின் முனை பட்டு தள்ளுவண்டி கவிழ்ந்தது. பழமெல்லாம் சாலையில் சிதறியது. பவானி தள்ளுவண்டிக்கு அடியில் கிடந்தாள். ஒரு கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் அலறவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, நம்பமுடியாமல், "பாய், நீங்க எப்ப வந்தீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அவள் வழக்கம்போல் காது கொடுத்துத்தான் இழுத்திருக்கிறாள். சாலை காலி என்று அவள் காது சொல்லியிருக்கிறது.

மலாக்காவில் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தோம். செய்தி கேட்ட அக்கா வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே அங்கே வந்துவிட்டார். அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து வெளியே வந்த டாக்டரை மறித்து, "நான்தான் டாக்டர் அவ கால ஒடச்சது" என்றார். டாக்டர் அதிர்ந்துபோய் இரண்டடி பின்னால் போனார். வண்டி ஓட்டியவன் நான் என்பதை அவருக்குப் புரியவைக்கவே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

மறுநாள் போலீஸ் நிலையத்தில் என்னை விசாரித்துக்கொண்டிருந்தபோது அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாதா கோயிலுக்குப் போகும் சேலை கட்டியிருந்தார். அங்கே இருந்த கார்ப்பரல் தமிழ்ப் பையன். அக்கா அவன் மேசைக்கு முன்னால் போய் நின்று, "இவரு மேல தப்பில்லே. என்னப் புடிச்சு உள்ள போடுங்க" என்றார்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"வண்டிச் சத்தத்த நிறுத்திட்டேன்."

அந்தப் பையன் பேனாவைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான். "அக்கா, சத்தம் ஜாஸ்தின்னு எத்தனையோ பேரைப் புடிச்சிருக்கேன். சத்தம் இல்லேன்னு யார நான் புடிக்கிறது? அதுக்கு எங்ககிட்ட சட்டமே இல்லை லா."

"சட்டம் இல்லேன்னா தப்பும் இல்லையா?"

"நீங்க வீட்டுக்குப் போங்கக்கா."

அக்கா போகவில்லை. வெளியே பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். யாராவது மனசு மாறி வந்து பிடிப்பார்கள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. கடைசியில் நானும் என் மனைவியும்தான் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தோம். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது. எது முந்தி வந்தது என்று தெரியவில்லை.

இதற்குள் தோட்டத்தில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. பவானி இருந்த லைன் வீடு வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலையில் ஆள் இருந்தால்தான் வீடு. தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கொந்தரேக்டர் கெட்டவன் இல்லை, ஆனால் அவனுக்கும் பழம் லோரியில் ஏறியாக வேண்டும். "அவ எடத்துல யாராச்சும் நின்னா சரி. இல்லேன்னா வெளிநாட்டு ஆளுங்கள போட்டுருவேன். அவங்களுக்கு வீடு வேணும்" என்று சொல்லிவிட்டான். காலில் கம்பியோடு கிடக்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள். என் மனைவி இதைக் கேள்விப்பட்டு அக்காவிடம் போய் அழுதாள்.

அடுத்த நாள் எதிர்க்கடை திறக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டு நான் தோட்டத்துக்கு சாமான் ஏற்றிப் போனேன். அந்த விபத்துக்கு அப்புறம் வழி நெடுக ஹார்ன் அடித்துக்கொண்டேதான் போவேன். அதே வளைவு. அதே பலகை. பலகைமேல் தள்ளுவண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு ஒரு முதுகு வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். அக்கா.

"என்னக்கா இது?"

"பாத்தா தெரியலையா? பழம் பொறுக்கறேன்."

தலையில் துணி. கையில் பிய்ந்த கையுறை. முள் குத்தி முழங்கை வரை கீறல். அறுபதை நெருங்கும் மனுஷி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பவானியின் இடத்தில் தான் நிற்பதாகக் கொந்தரேக்டரிடம் சொல்லிவிட்டாராம். கூலியை அவள் பெயரிலேயே எழுதச் சொல்லிவிட்டாராம்.

"பவானிகிட்ட சொன்னீங்களா?"

"அவகிட்ட எதுக்கு? அவளுக்கு வீடு இருக்கணும். அவ்வளவுதானே."

சொல்லிவிட்டுக் குனிந்து பழம் பொறுக்க ஆரம்பித்தார். மத்தியானம் வரை தோட்டம், அதற்கப்புறம் கடை என்று மாதக்கணக்கில் ஓட்டினார். மாதா கோயிலில் அவருக்காகச் செபம் செய்தார்கள். எங்கள் பள்ளிவாசலில்கூட அவரைப் பற்றிப் பேச்சு வந்தது.

பவானி வீடு திரும்பியதும் நான் சாமான் கொடுக்கப் போனேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"ஊரே புகழுது பாய். டாக்டர்கிட்ட சொல்லிச்சாம். போலீஸ்ல சொல்லிச்சாம். கோயில்ல சாமியார்கிட்ட சொல்லிச்சாம். தெனம் காலைல இந்த வாசல் வழியாத்தான் போவுது. தலைய குனிஞ்சிக்கிட்டுப் போவுது. ஒருநாளாச்சும் இந்தப் படி ஏறுதான்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அக்கா எதற்கும் பயப்படாதவர் என்றுதான் நினைத்திருந்தேன். பூசை நடுவில் ஏணி போட்டு ஏறுவார், டாக்டரை மறிப்பார், போலீஸ் மேசைக்கு முன்னால் போய் நிற்பார். ஒரு பெண்ணின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

கால் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் புதிய சிக்கல் வந்தது. பவானி சாலையில் இறங்க மறுத்தாள். வளைவுக்குப் போனாலே தள்ளுவண்டியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பாரம் இழுக்க முடியவில்லை என்றாள். கொந்தரேக்டருக்கும் பொறுமை போய்விட்டது. அக்கா நின்றது போதும், இந்த மாதம் முடிவதற்குள் அவளே வரவேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டான். பவானி என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஹார்ன் அடிக்க நீங்க ஒருநாள் மறந்துருவீங்க. உங்க லோரி வர்றது தானா என் காதுக்குத் தெரியணும் பாய். அது தெரிஞ்சாத்தான் நான் எறங்குவேன். அந்தம்மாவ வரச் சொல்லுங்க. இங்க, அந்த வளைவுல, என் முன்னாடியே சரிபண்ணித் தரட்டும்."

அக்காவிடம் சொன்னேன். ஸ்பானர், ரம்பம், ஈரச் சாக்கு எல்லாவற்றையும் எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார்.

பவானி வளைவில் நின்றாள். ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்து, சாலைக்கு முதுகைக் காட்டி, வேலை செய்யும்போது நிற்பது மாதிரியே நின்றாள். அக்காவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அக்கா சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய், தான் கோத்த இரண்டாவது சைலன்சரைக் கழற்றி எடுத்தார். நான் பாலம் வரை போய்த் திரும்பி வந்தேன். முன்னைவிட நல்ல சத்தம்.

"காதுல விழலே" என்றாள் பவானி.

அக்கா மறுபடியும் கீழே போனார். குழாய் சூடாக இருந்தது. ஈரச் சாக்கைச் சுற்றிப் பிடித்து, மற்ற சைலன்சரையும் கழற்றினார். நான் பாலம் வரை போய் வந்தேன். இந்தத் தடவை வண்டி இடி இடிப்பதுபோல் வந்தது. நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடின. லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

"காதுல விழலே."

பொய் சொல்கிறாள் என்று அங்கே நின்ற சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டித் தடுத்துவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டார். எஞ்சினுக்குக் கீழேயே குழாயை அறுத்துவிட்டார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி, மணிக்கட்டில் சூடு பட்டுத் தோல் வழன்றிருந்தது. நான் மூன்றாம் தடவை பாலத்துக்குப் போய்த் திரும்பினேன். அது வண்டிச் சத்தமே இல்லை. உட்கார்ந்திருந்த என் பல்லெல்லாம் ஆடியது. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள். நான் வளைவில் நிறுத்தினேன். எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது.

பவானி திரும்பாமலே தலையை ஆட்டினாள். இல்லை.

அக்கா வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். அறுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ரம்பத்தைக் கீழே போட்டார். அப்புறம் நடந்துபோய், பவானியைச் சுற்றிக்கொண்டு, அவள் முகத்துக்கு நேராக நின்றார். நான் பின்பார்க்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் வாய் அசைந்தது. நீளமாக ஒன்றும் பேசவில்லை. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, அங்கே கூடியிருந்த யாருக்கும் கேட்டிருக்காது. அவ்வளவு சத்தம்.

பவானி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஊன்றுகோலைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தும்படி எனக்குச் சைகை காட்டினாள். நிறுத்தினேன்.

"விழுந்துச்சுக்கா" என்றாள். அக்காவின் வெந்த கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "பழைய மாதிரி சத்தம் வர்றாப்புல ஒரு சைலன்சர மாட்டிக் குடுங்க. புள்ளைங்க படிக்கணும். நாளைக்கு நான் எறங்குறேன்" என்றாள்.